தாளிக்கிற வாசனையும் நாற்பத்தெட்டு நாளும்

கடுகு வெடிக்கிற சத்தத்தைக் கேட்டு யாராவது அழுவார்களா? நான் அழுதிருக்கிறேன். சிரிக்காதீர்கள் சகோதரிகளே, முழுவதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

எனக்கு ஊர் நீடாமங்கலம். வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பு இருக்கிற ஊர். கல்யாணமாகி இங்கே வந்து இருபத்து நான்கு வருஷமாகிறது. வீட்டுக்காரர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறார். மூத்தவள் மன்னார்குடியில் கெமிஸ்ட்ரி படிக்கிறாள். இளையவன் அப்போது பிளஸ் டூ. இவர்களோடு எழுபத்தொன்பது வயதில் என் மாமியார். நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

2024 பிப்ரவரியில் கால் எரிச்சல் என்று டாக்டரிடம் போனேன். இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற ஹெச்.பி.ஏ.ஒன்.சி. 8.1 என்று வந்தது. எடை 78 கிலோ. மாத்திரை எழுதிக் கொடுத்து, "சோற்றைக் குறைங்க, காய்கறியைக் கூட்டுங்க, நடங்க" என்றார். இதை எல்லா டாக்டர்களும் சொல்வதுதான், நாம் எல்லோரும் தலையாட்டுவதும்தான். வீட்டுக்கு வந்து சூடாக ஒரு காப்பி போட்டுக் குடித்துக்கொண்டே கவலைப்பட்டேன்!

அந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஒரு முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சமைக்காத உணவைப் பற்றிய முகாம். "தீயில் வெந்தது செத்த உணவு. ஒரு மண்டலம் அடுப்பில் ஏறாததை மட்டும் சாப்பிட்டுப் பாருங்கள், சர்க்கரை ஓடிப் போகும்" என்று மேடையில் ஒருவர் பேசினார். இது நமக்குப் புது விஷயமில்லை. சிவசைலத்தில் நல்வாழ்வு ஆசிரமம் வைத்திருந்த மூ. இராமகிருஷ்ணன், தேங்காயும் பழமும் போதும் என்று ரொம்ப காலம் சொல்லி வந்தவர். என் அப்பாவே அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் தேங்காய்ச் சில்லும் வாழைப்பழமுமாக இருந்து, எட்டாம் நாள் அம்மாவிடம் ரசம் கேட்டவர்தான்.

"எட்டாம் நாள் ரசம் கேக்கிற ஆள் நான் இல்லை" என்று வீட்டில் சபதம் போட்டேன். மார்ச் 1, வெள்ளிக்கிழமை ஆரம்பித்தேன். அன்றுதான் பையனுக்கும் பிளஸ் டூ பரீட்சை ஆரம்பம். எண்ணிப் பார்த்தால் நாற்பத்தெட்டாம் நாள் ஏப்ரல் 17, ஸ்ரீராமநவமி. எங்கள் ஊர் சந்தானராமரே முடித்து வைப்பார் என்று மனதுக்குத் தெம்பாக இருந்தது.

காலையில் ஊறவைத்த நிலக்கடலை ஒரு பிடி, முளைகட்டிய பச்சைப்பயறு ஒரு கிண்ணம், இரண்டு சில்லு தேங்காய். எங்கள் பக்கத்தில் சம்பா அறுத்த வயலில் அந்த ஈரத்திலேயே பயறும் உளுந்தும் விதைப்பது வழக்கம். அதனால் பயற்றுக்குப் பஞ்சமில்லை. மத்தியானம் வெள்ளரிப்பிஞ்சு, காரட், தக்காளி, மாங்காய், வெண்பூசணிச் சாறு. சாயங்காலம் கொய்யா. இரவு பப்பாளியோ வேறு பழமோ. நாலு நாளைக்கு ஒருமுறை ஊறவைத்த அவல். நெல் ஜெயராமன் ஆதிரெங்கத்தில் 2006-லிருந்து நெல் திருவிழா நடத்தி வந்த புண்ணியத்தில், மாப்பிள்ளைச் சம்பா அவல் எங்கள் பக்கத்தில் கேட்டால் கிடைக்கிறது. அவர் 2018-ல் காலமாகிவிட்டாலும் அந்த நெல் நிற்கிறது.

அவலில் மட்டும் என் மகள் குறுக்கே வந்தாள். "அம்மா, நெல்லை ஊறவெச்சு, வறுத்து, இடிச்சாத்தான் அவல். அது நெருப்பைப் பார்த்ததுதான்" என்றாள். எனக்கும் அது தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். அவல் கூட இல்லையென்றால் நான் எங்கே போவேன்?

சாப்பிடுவது கஷ்டமில்லை. சமைப்பதுதான் கஷ்டம். நான் பச்சையாகத் தின்றாலும் வீட்டில் நாலு பேருக்கு மூன்று வேளை அடுப்பில் ஏற்றியாக வேண்டுமே! காலை ஐந்து மணிக்குப் பரீட்சைக்காரனுக்கு இட்லி, சட்னி. எட்டு மணிக்கு மகளுக்கும் அவருக்கும் டப்பாவில் சாதம். குழம்பு கொதிக்கும். நான் எதிரே நின்று கரண்டியைப் பிடித்துக்கொண்டு மூக்கைத் திருப்பிக்கொள்வேன். உப்புப் பார்க்கக் கூட ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுக்கொள்ளக் கூடாது என்று வைராக்கியம். கையளவில்தான் உப்பு. ஒரு நாள் குழம்பில் உப்பே இல்லை, மறுநாள் இரண்டு தரம். அவர் ஒன்றும் சொல்லாமல் மோரை ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டார்.

முதல் மூன்று நாள் காப்பி இல்லாமல் தலைவலி மண்டையைப் பிளந்தது. அது போனதும் உப்புக்கும் புளிக்கும் நாக்கு அலைந்தது. அப்புறம் வந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. சூடு! எதுவாக இருந்தாலும் சரி, சுடச் சுடத் தொண்டையில் இறங்காதா என்று ஏக்கம். குளிர்ந்த வெள்ளரியையும் குளிர்ந்த பப்பாளியையும் தின்று தின்று வயிறு நிரம்பும், ஆனால் சாப்பிட்ட மாதிரி இருக்காது. பையன் இட்லியைப் பிட்டால் எழும்புகிற ஆவியைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். "என்னம்மா, என் தட்டையே பாக்கறே? வயித்த வலிக்கப் போவுது" என்று கேலி செய்வான்.

ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டில் கெண்டை மீன் குழம்பு. வாய்க்காலும் குட்டையும் வற்றுகிற மாதம், மீன் மலிவு. மண்சட்டியில் புளி கொதித்து, மேலே பச்சை நல்லெண்ணெய் விட்டு இறக்குகிற வாசனை மதில் தாண்டி வந்தது. அன்றைக்கு நான் வெங்காயம் வதக்கிக் கடுகு தாளித்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாசனையும் ஒன்றாகச் சேர, கடுகு வெடிக்கிற சத்தம் கேட்க, கண்ணில் தண்ணீர் கொட்டியது. வெங்காயம் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

"அதே வெங்காயத்தைத்தான் நான் பச்சையாத் தின்னறேன். வதக்கினா மட்டும் இந்த வாசனை எங்கேருந்து வருது?" என்று மகளிடம் கேட்டேன். சூட்டில் வெங்காயத்தின் இனிப்புச் சத்தும் புரதச் சத்தும் ஒன்றோடொன்று கலந்து மாறி, முன்பு அதில் இல்லாத புதுப்புது வாசனைகளையும் பொன் நிறத்தையும் உண்டாக்குகிறதாம். மெயிலார்ட் என்கிற பிரெஞ்சு விஞ்ஞானி 1912-ல் விளக்கிச் சொன்னதாம். முறுகலான தோசைக்கும், வறுத்த காப்பிக் கொட்டைக்கும் இதே கதைதான். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு சமாதானம். என் நாக்கு கெட்ட நாக்கு இல்லை. பச்சையில் இல்லாத ஒன்றைத்தான் அது தேடுகிறது.

இல்லாததைக் கொஞ்சமாவது ஈடு கட்ட வழி தேடினேன். கை கொடுத்தது பச்சைப்புளி ரசம். புளியைக் கரைத்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம், பூண்டு, கொத்தமல்லி எல்லாவற்றையும் கையால் நசுக்கிப் போட்டு, உப்பும் துளி வெல்லமும் சேர்த்தால் ஆயிற்று. அடுப்பே வேண்டாம். கடுகைப் பச்சையாக அரைத்து வெள்ளரித் தயிரில் கலந்தால் மூக்கில் ஏறும். இஞ்சி, மாங்காய், எலுமிச்சை, மிளகு இவை நாலும் இருந்தால் பச்சைக் காயும் வாயில் இறங்கும். இப்படி ஒரு வாரம் ஓடியது.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. முதல் நாள் சிவராத்திரிக் கண்விழிப்பு வேறு. காலையில் பழம் கொஞ்சம் தின்றுவிட்டு, வழக்கமான சர்க்கரை மாத்திரையையும் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினேன். எங்கள் ஊர் ரயில்வே கேட்டைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மூடினால் இரண்டு பக்கமும் பஸ்ஸும் லாரியும் வரிசை கட்டி நிற்கும். தேர்தல் நேரமாதலால் மைக் கட்டிய வண்டிகளும் சேர்ந்துகொண்டன. வெயிலில் நின்றேன். திடீரென்று கை நடுங்கியது. புடவை நனைகிற அளவு வேர்வை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. பூ விற்கிற அம்மாள் ஒருத்தி என்னைப் பிடித்து உட்கார வைத்து, "சக்கரை இருக்காம்மா உனக்கு?" என்று கேட்டு, பக்கத்துக் கடையிலிருந்து சர்க்கரை போட்ட சர்பத் வாங்கி வாயில் ஊற்றினாள். பத்து நிமிஷத்தில் தெளிந்தேன். அந்த அம்மாள் மட்டும் இல்லையென்றால் என்று இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

அன்று மாலையே டாக்டரிடம் போனேன். அவர் திட்டிய திட்டை எழுத முடியாது. "சோறு சாப்பிடுகிறவருக்குக் கொடுத்த மாத்திரை அளவு அது. சாப்பாட்டை இப்படி மாற்றினால் என்னிடம் சொல்ல வேண்டாமா? சர்க்கரை ஏறினால் கெடுதல், ஒரேயடியாக இறங்கினால் உயிருக்கே ஆபத்து" என்றார். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். முகாமில் சொன்னபடி மாத்திரையையே நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். கூடவே கூடாது என்றார். இரவில் பழத்தை மட்டுமே தின்பதும் சர்க்கரைக்காரருக்கு நல்லதல்ல என்று சொல்லி, பயறும் கடலையும் தயிரும் கட்டாயம் என்றார்.

இன்னும் ஒன்றும் சொன்னார். வயதுப் பெண்கள் காதில் போட்டுக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் வருஷக் கணக்காகப் பச்சை உணவிலேயே இருந்தவர்களைப் பற்றி 1999-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. அதில் நாற்பத்தைந்து வயதுக்குட்பட்ட பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மாதவிலக்கு ஒழுங்கு தப்பியோ நின்றோ போயிருந்தது. உடம்பு தேவைக்கு மேல் இளைத்ததே காரணம். பி-12 என்கிற வைட்டமின் செடி கொடிகளிலிருந்து கிடைக்காது, பால், தயிர், முட்டை, மீன் போன்றவற்றில்தான் உண்டு என்றும் சொன்னார்.

காந்திஜி கூட 1929-ல் ஆசிரமத்துத் தோழர்களைச் சேர்த்துக்கொண்டு முளைகட்டிய கோதுமை, அரைத்த பாதாம், பச்சிலை, எலுமிச்சை, தேன் என்று சமைக்காத உணவைச் சோதித்துப் பார்த்தார். சில மாதங்களில் பலவீனமும் வயிற்றுக்கடுப்பும் வந்து விட்டுவிட்டார். விட்டதை ஒளிக்காமல் பத்திரிகையிலும் எழுதினார். அவ்வளவு பெரியவரே ஒப்புக்கொண்டதை நான் ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டேன். சபதம் போட்டாயிற்றே! டாக்டர் சொன்ன மாற்றங்களோடு மண்டலத்தைத் தொடர்ந்தேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம்.

மார்ச் 30, முப்பதாம் நாள். அத்தைக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். அவர் கையைத் தூக்கினார். வளையல் சறுக்கிக்கொண்டு முழங்கை வரைக்கும் போய்விட்டது. எப்போதும் மணிக்கட்டைக் கடக்காத வளையல். எனக்குப் பகீர் என்றது. நான் இளைப்பதைத் தினமும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தவள், கூட இருந்தவர் இளைத்ததைப் பார்க்கவில்லை.

"என்ன அத்தை, சாப்பிடறீங்களா இல்லையா?"

"சாப்புடாம என்ன" என்றார்.

மகள்தான் மெதுவாகச் சொன்னாள். "ஆச்சி ராத்திரி நேரத்துல சாப்பிடறதே இல்லம்மா. நீ தட்டு வெச்சுட்டுப் போனதும் ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு மிச்சத்தைக் கொல்லையில மாட்டுத் தொட்டியில போட்டுடறாங்க. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க."

எனக்குக் கோபமும் பயமும். வயிறு சரியில்லையா, டாக்டரிடம் போவோமா என்று கேள்வி மேல் கேள்வி கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தனியா ஒக்காந்தா சோறு எறங்கலைம்மா" என்றார்.

ஒரு நிமிஷம் எனக்குப் பேச்சு வரவில்லை.

மாமனார் இருந்தவரை அத்தைக்கு யாரோடும் சேர்ந்து சாப்பிட்ட வழக்கம் இல்லை. முதலில் மாமனார், பிறகு வயலிலிருந்து வந்தவர்கள், பிறகு பிள்ளைகள். எல்லோரும் எழுந்த பிறகு அடுப்பங்கரையில் கடைசித் தட்டு அத்தையுடையது. ஆறிப் போன சோறு, அடி மண்டிக் குழம்பு. நான் கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், எல்லோரும் சாப்பிட்டு முடிந்ததும், "வாம்மா, ரெண்டு பேருமா ஒக்காருவோம்" என்று எனக்கும் ஒரு தட்டை எடுத்துப் போட்டார். அன்று முதல் இருபத்து நான்கு வருஷமாக இரவு எட்டு மணிக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். ஊர்க்கதை, உறவுக்கதை, நெல் விலை, சீரியல் எல்லாம் அப்போதுதான். மார்ச் 1 முதல் நான் ஆறரை மணிக்குப் பழத்தைத் தின்றுவிட்டு, சாப்பாட்டு வாசனை படக்கூடாது என்று எட்டு மணிக்கு மாடிக்குப் போய்விடுவேன். அவருக்குத் தட்டு வைத்துவிட்டுத்தான் போனேன். பசிக்குத் தட்டு போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சூடு இல்லாமல் முப்பது நாள் சாப்பிட்டதற்கு நான் கடுகு வெடித்தால் அழுதேன். ஆறினதையே ஆயுசு முழுக்கச் சாப்பிட்டவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அத்தைக்குப் பிடித்த சுண்டைக்காய் வற்றல் குழம்பு வைத்தேன். நல்லெண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, வெந்தயம் சிவந்து, வற்றல் பொரிகிறபோது மூக்கைத் திருப்பிக்கொள்ளவில்லை. உப்பு மட்டும் பார்க்கவில்லை. இரவு எட்டு மணிக்கு இரண்டு தட்டைப் போட்டு அத்தை பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒன் மண்டலம் என்னாச்சு?"

"சந்தானராமர் கோவிச்சுக்க மாட்டாரு. சாப்பிடுங்க அத்தை."

ஒரு கைப்பிடி சோறுதான் எனக்கு. சுடச்சுடப் பிசைந்து முதல் கவளம் வாயில் வைத்தேன். முப்பது நாள் ஏங்கினேனே, தேவாமிர்தமாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. உண்மையைச் சொல்கிறேன், உப்புக் கரித்தது! நாக்கு உப்பு மறந்து போயிருந்ததோ, நான்தான் கூடப் போட்டேனோ, தெரியவில்லை. அத்தையும் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரு மாசமா இப்புடித்தான் சமைக்கிறே" என்றார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மாடியிலிருந்து பிள்ளைகள் இறங்கி வந்துவிட்டார்கள். அன்று அத்தை தட்டைக் காலி செய்தார்.

மீதிப் பதினேழு நாளும் காலையும் மத்தியானமும் பச்சைச் சாப்பாடு, இரவில் மட்டும் அத்தையோடு ஒரு கிண்ணம் சூடாக என்று வைத்துக்கொண்டேன். முகாம்காரர்கள் கணக்கில் நான் தோற்றவள். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஏப்ரல் 17 அன்று சந்தானராமர் கோயிலுக்கு அத்தையைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனேன். பானகமும் நீர்மோரும் வடைப்பருப்பும் கொடுத்தார்கள். ஊறின பாசிப்பருப்பு, மாங்காய், தேங்காய், பச்சை மிளகாய். தொன்னையை நீட்டி அத்தை சொன்னார்: "இதுவும் அடுப்பு பாக்காததுதான். வருஷத்துல ஒரு நாளைக்குன்னு வெச்சாங்க. நீ தெனம் ரெண்டு வேளைன்னு வெச்சுக்க. வேணாங்கலை. ராத்திரிக்கு வந்துடு."

ஜூன் மாதப் பரிசோதனையில் சர்க்கரைச் சராசரி 7.2. எடை 73. கால் எரிச்சல் குறைந்திருக்கிறது. மாத்திரை தொடர்கிறது. "பச்சையாத் தின்னதுனால மட்டும் இல்லம்மா, சோறும் காப்பிச் சர்க்கரையும் பலகாரமும் குறைஞ்சதுதான் முக்கியம்" என்று டாக்டர் சொன்னார்.

என் அனுபவத்திலும் டாக்டர் சொன்னதிலும் உங்களுக்கு உதவக்கூடியதைச் சொல்லி முடிக்கிறேன்.

சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்திற்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சாப்பாட்டை மாற்றாதீர்கள். கை நடுக்கம், வேர்வை, கண் இருட்டல் வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். நினைவு தப்பியவருக்கு மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், குழந்தைகளுக்கு முழுப் பச்சை உணவு வேண்டாம். முளைகட்டிய பயறு ஈரத்திலேயே இருப்பதால் கிருமி வளர இடம் உண்டு. துணியையும் தண்ணீரையும் சுத்தமாக வைத்து, நன்றாக அலசுங்கள். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் முதியவருக்கும் அதை வேகவைத்தே கொடுங்கள்.

எல்லாவற்றையும் பச்சையாகத் தின்ன முடியாது. மரவள்ளிக் கிழங்கும் ராஜ்மாவும் வேகாமல் நஞ்சு. காரட்டும் தக்காளியும் சிறிது எண்ணெயோடு வெந்தால் அவற்றின் சில சத்துக்கள் உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும். அடுப்பும் நமக்கு விரோதி இல்லை.

பத்தியம் இருக்கிறவர்கள் வீட்டில் கூட யார் சாப்பிடுகிறார்கள், யார் தனியாக உட்காருகிறார்கள் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். இதை எனக்கு எந்த முகாமிலும் சொல்லவில்லை.

இப்போதும் எங்கள் வீட்டில் இரவு எட்டு மணிக்கு இரண்டு தட்டு. என் தட்டில் பாதிக்கு மேல் வெள்ளரியும் காரட்டும், ஓரத்தில் ஒரு பிடி சோறு. அத்தையின் தட்டில் சோறு, ஓரத்தில் நான் துருவி வைத்த காரட். வளையல் மணிக்கட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. குழம்பு ஊற்றுமுன் தினமும் ஒரே கேள்விதான் கேட்கிறார்:

"உப்புப் பாத்தியாம்மா?"